கண் சொல்லாததை எண் சொல்லும்

(ஒளிப்படக் கலைஞர்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. பிறவியிலிருந்தே அப்படித்தான். என் தொழிலோ படங்களுக்கு நிறம் திருத்துவது. மணமகளின் முகத்தில் படிந்த பச்சையை எடுப்பது, மண்டபத்து விளக்கால் பழுத்துப்போன வேட்டியை வெளுப்பாக்குவது, ஒரே புடவை ஆல்பத்தின் எல்லாப் பக்கத்திலும் ஒரே நிறமாக வரும்படி பார்த்துக்கொள்வது, இதெல்லாம் என் அன்றாட வேலை. எப்படி முடிகிறது என்று வியப்போடு கேட்பவர்கள் உண்டு, சந்தேகத்தோடு கேட்பவர்களும் உண்டு. இருவருக்கும் என் பதில் ஒன்றுதான். நிறம் திருத்துவதில் பெரும்பகுதி அளவை வேலை. அளக்கத் தெரிந்தால் என் கண்ணே போதும். அளக்கத் தெரியாவிட்டால் எவ்வளவு நல்ல கண்ணும் ஒரு நேரத்தில் கைவிடும். இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். விழித்திரையில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை. ஒன்று நீண்ட அலைகளுக்கு, அதாவது சுமார் 560 நானோமீட்டர் அளவில் அதிகம் துடிப்பது. இன்னொன்று நடுத்தர அலைகளுக்கு, சுமார் 530ல். மூன்றாவது குறுகிய அலைகளுக்கு, சுமார் 420ல். முதல் இரண்டும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று கவனியுங்கள். அந்தச் சின்ன இடைவெளியை வைத்துக்கொண்டுதான் உங்கள் மூளை சிவப்பையும் பச்சையையும் பிரிக்கிறது. அந்த இரண்டில் ஒன்று இல்லாமல் போனாலோ, ஒன்று இன்னொன்றின் பக்கம் நகர்ந்துவிட்டாலோ பிரிவினை குழம்பிவிடும். நீலமும் மஞ்சளும் மட்டும் தெளிவாக நிற்கும்.

இந்த இரண்டு கூம்புகளுக்கான மரபணுக்களும் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று, அதுவும் தாயிடமிருந்து வருவது. அதனால்தான் தாய்வழித் தாத்தாவுக்கோ தாய்மாமனுக்கோ இந்தக் குறை இருந்தால் பேரனுக்கும் மருமகனுக்கும் வர வாய்ப்பு இருக்கிறது, நடுவில் இருக்கும் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாமலே. வடக்கு ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்கும், பெண்களில் சுமார் 200 பேரில் ஒருவருக்கும் ஏதோ ஓர் அளவில் இது உண்டு. எல்லா மக்களிடமும் இதே விகிதம் இல்லை. ஆனாலும் இந்த அரங்கு நிறைய ஆண்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் மட்டும்தான் இப்படி என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

அறிவியல் உலகம் இதைப் பரவலாகக் கவனித்ததே ஓர் ஆசிரியர் தன் கண்ணைத் தானே சந்தேகித்ததால்தான். அணுக் கொள்கையால் புகழ்பெற்ற ஜான் டால்டன் 1792ல் ஒரு ஜெரேனியம் பூவை மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்தார். பகலில் அது அவருக்கு வானத்து நீலம். இரவில் நீலத்தின் சாயலே இல்லை, சிவப்பின் பக்கம் போய்விட்டது. பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டார், பகலுக்கும் இரவுக்கும் அப்படிப் பெரிய வேறுபாடு இல்லை என்றார்கள். அவருடைய சகோதரர் ஒருவருக்கு மட்டும் அவருக்குத் தெரிந்தபடியே தெரிந்தது. 1794ல் மான்செஸ்டர் இலக்கிய, தத்துவக் கழகத்தில் இதைக் கட்டுரையாகப் படித்தார். தன் கண்ணுக்குள் இருக்கும் நீர்மம் நீல நிறமாக இருக்க வேண்டும், அது சிவப்பை விழுங்கிவிடுகிறது என்பது அவர் போட்ட கணக்கு. தான் இறந்தபின் கண்ணைத் திறந்து பாருங்கள் என்றும் சொல்லிவைத்தார். 1844ல் அவர் இறந்ததும் மருத்துவர் ஜோசப் ரான்சம் பார்த்தார். நீர்மம் தெளிவாக இருந்தது. கணக்கு தவறு. ஆனால் அந்தக் கண்ணின் மிச்சத்தை மான்செஸ்டரில் பத்திரமாக வைத்திருந்தார்கள். 1995ல் அதிலிருந்து டிஎன்ஏ எடுத்துச் சோதித்தபோது நடுத்தர அலைக் கூம்புக்கான மரபணு அவரிடம் இல்லை என்பது தெரிந்தது. டியூட்டரனோப் என்று மருத்துவர்கள் சொல்லும் வகை. என்னுடையதும் அதே வகைதான்.

டால்டனை நான் மதிப்பதற்குக் காரணம் அவருடைய அணு இல்லை. தன் கண்ணுக்குத் தெரிவதை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்ளாமல், பூவையும் விளக்கையும் மாற்றி மாற்றி வைத்துச் சோதித்தாரே, அதற்காக. நிறம் திருத்துகிறவனுக்கு வேண்டிய முதல் பழக்கம் அது.

இனி நம் தொழிலுக்கு வருவோம். 1861 மே மாதம் லண்டனில் ராயல் இன்ஸ்டிட்யூஷன் மேடையில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் ஒரு வண்ணப் படத்தைத் திரையில் காட்டினார். கட்டம்போட்ட ஸ்காட்லாந்து ரிப்பன் ஒன்றின் படம். தாமஸ் சட்டன் எடுத்தது. எடுத்த விதம்தான் முக்கியம். சிவப்பு வடிகட்டி வழியாக ஒன்று, பச்சை வழியாக ஒன்று, நீலம் வழியாக ஒன்று என்று கறுப்பு வெள்ளைப் படங்கள். அவற்றை அதே நிற ஒளிகளில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் விழச் செய்தார். ரிப்பன் நிறத்தோடு எழுந்தது. அந்தக் காலத்து ரசாயனப் பூச்சுக்குச் சிவப்பொளி உறைக்கவே உறைக்காதே, பிறகு எப்படிச் சிவப்பு வந்தது என்ற புதிர் நீண்ட காலம் இருந்தது. நூறு ஆண்டு கழித்து 1961ல் கோடாக் ஆய்வாளர்கள் காரணம் கண்டார்கள். ரிப்பனின் சிவப்புச் சாயம் புற ஊதாக் கதிரையும் திருப்பி அனுப்பியிருக்கிறது. அது சிவப்பு வடிகட்டியைத் தாண்டிப் போய்ப் பதிந்திருக்கிறது. யாருடைய கண்ணுக்கும் தெரியாத ஒளி சிவப்பாக வேடமிட்டு வந்திருக்கிறது.

உங்கள் தோளில் தொங்கும் கேமராவும் அதைத்தான் செய்கிறது. கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976ல் காப்புரிமை பெற்ற முறைப்படி சென்சாரின் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு நிற வடிகட்டி. பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். சென்சாருக்கு நிறம் தெரியாது. எவ்வளவு ஒளி விழுந்தது என்பது மட்டுமே தெரியும். வண்ணப் படம் என்று நாம் சொல்வது மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களின் கூட்டு. கறுப்பு வெள்ளையைப் படிப்பதில் உங்களுக்கும் எனக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. என் நம்பிக்கை முழுவதும் இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது.

ஆகவே என்னைப் போன்றவர் முதலில் செய்ய வேண்டியது, தனக்கு எங்கே தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று வரைபடம் போட்டுக்கொள்வது. படம் திருத்தும் மென்பொருளின் ஒயிட் பேலன்ஸ் பகுதியில் இரண்டு ஸ்லைடர்கள் இருக்கின்றன. மேலே உள்ள டெம்பரேச்சர், நீலத்திலிருந்து மஞ்சளுக்குப் போவது. கீழே உள்ள டிண்ட், பச்சையிலிருந்து மெஜந்தாவுக்குப் போவது. சிவப்பு பச்சைக் குறை உள்ளவருக்கு முதல் ஸ்லைடர் கண்ணுக்கு எட்டும். குண்டு பல்பு வெளிச்சத்தில் எடுத்த படம் மஞ்சளாக இருப்பது எனக்கு உங்களைப் போலவே தெரியும். இரண்டாவது ஸ்லைடர்தான் ஆபத்து. டியூட்டரனோப்புக்கு ஒரு வகைப் பசுநீலமும், ஒரு வகை மெஜந்தாவும், வெறும் சாம்பலும் ஒன்றாகவே தெரியும். முகத்தில் மெல்லிய மெஜந்தா ஏறியிருந்தாலும் சுத்தமாக இருப்பதாகத் தோன்றும். பச்சை ஏறியிருந்தாலும் அதே சுத்தம். டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் கெடுப்பது சரியாக இந்த அச்சில்தான். எனவே என் விதி எளிது. டெம்பரேச்சரைக் கண்ணால் தொடங்கலாம். டிண்டைக் கண்ணால் தொடவே கூடாது. எண்ணைப் பார்த்து மட்டும் தொட வேண்டும்.

எண் எங்கே இருக்கிறது? ஐட்ராப்பரை வைத்தால் இன்ஃபோ பேனலில் தெரியும். நிறமற்ற பொருள் எதுவானாலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சமமாக இருக்க வேண்டும். சாம்பல் அட்டை ஒன்றில் 128, 128, 128 என்று வந்தால் சரி. 126, 137, 127 என்று வந்தால் பச்சை பத்து எண் ஏறியிருக்கிறது. 134, 122, 133 என்றால் பச்சை குறைந்திருக்கிறது, அதாவது படத்தில் மெஜந்தா. பச்சை எண் மற்ற இரண்டோடு எப்படி நிற்கிறது என்பதுதான் டிண்டின் கதை முழுவதும். நீல எண் சிவப்பு எண்ணோடு எப்படி நிற்கிறது என்பது டெம்பரேச்சரின் கதை. எல்ஏபி முறையில் வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் நேராக இருக்கும். அதில் 'ஏ' என்பது பச்சை மெஜந்தா அச்சு, 'பி' என்பது நீல மஞ்சள் அச்சு. 'ஏ' பூஜ்யமாக இருந்தால் என் கண்ணுக்கு எட்டாத அந்தப் பக்கம் சுத்தம் என்று பொருள்.

அப்படியானால் படத்தில் எது நிறமற்ற பொருள்? இங்கேதான் அனுபவம் பேச வேண்டும். பலர் உடனே மாப்பிள்ளையின் வேட்டியைத் தொடுகிறார்கள். நண்பர்களே, வேட்டியை நம்பாதீர்கள். வீட்டில் வெளுத்த வேட்டியில் சொட்டு நீலம் இருக்கும். புதிய வேட்டியாக இருந்தாலும் வெள்ளையைத் தூக்கிக் காட்டும் ரசாயனம் இருக்கும், அது புற ஊதாவை வாங்கி நீலமாக உமிழும். அந்த வேட்டியைச் சமமாக்கினால் படம் முழுக்க மஞ்சள் ஏறிவிடும். பக்கத்தில் சிவப்புக் கூறைப்புடவை உட்கார்ந்திருந்தால் அதன் நிறமும் வேட்டியின் மேல் அடிக்கும். எவர்சில்வர் குடம் தன்னைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் பிரதிபலிக்கும், அதுவும் உதவாது. கண்ணின் வெள்ளை உண்மையில் வெள்ளை இல்லை. மல்லிகைப்பூ லேசான மஞ்சள். நரைத்த தலைமுடி, கறுப்புக் கோட்டின் வெளிச்சம் படும் ஓரம், சிமெண்ட் தரை, இவை பரவாயில்லை. ஒன்றை மட்டும் நம்பாமல் மூன்று நான்கு இடத்தில் தொட்டு, அவற்றில் பெரும்பாலானவை என்ன சொல்கின்றன என்று பார்க்க வேண்டும்.

இதைவிட நல்ல வழி, படம் எடுக்கும்போதே சாம்பல் அட்டையை ஒரு முறை முகத்துக்கு அருகில் பிடித்து ஒரு படம் எடுத்துவிடுவது. விளக்கு மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு படம். மணமேடையில் ஒன்று, சாப்பாட்டுக் கூடத்தில் ஒன்று, வாசலில் ஷாமியானாவுக்குக் கீழே ஒன்று. ஷாமியானா என்று சொல்லும்போதே எனக்குக் கவலை வருகிறது. சிவப்பு, பச்சைத் துணி வழியாக இறங்கும் வெயில் அந்த நிறத்தை எல்லார் தலையிலும் கொட்டும். வரவேற்பில் நிற்கும் பெரியவர்களின் முகம் ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் இன்னொரு நிறம். கேமராவைப் பிடிப்பவர்கள் அட்டையோடு ஒரு படம் எடுத்து அனுப்பினால் என் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி. நல்ல கண் உள்ள திருத்துநருக்கும் அதே உதவிதான்.

அட்டையும் இல்லை, சாம்பல் பொருளும் இல்லை என்றால் முகம்தான் துணை. மனிதத் தோல் ஒரு வியப்பான பொருள். நம் ஊர் மாநிறமோ, வடக்கே சிவந்த நிறமோ, ஆப்பிரிக்கக் கருமையோ, எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பவை மெலனினும் இரத்தமும்தான். அளவு மாறும், நிறத்தின் திசை அதிகம் மாறாது. வீடியோ எடிட்டிங்கில் நிறத்தின் திசையைக் காட்டும் வெக்டர்ஸ்கோப் வைத்திருப்பவர்கள் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஒரு கோடு பார்த்திருப்பீர்கள். சரியான வெளிச்சத்தில் எந்த நாட்டு முகமும் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். உலகத்து மனிதர்கள் எல்லாரும் ஒரே கோட்டில் வந்து நிற்பதை முதலில் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. இன்றும் அந்தக் கோட்டைப் பார்க்கும்போது அந்த உணர்வு கொஞ்சம் வருகிறது.

படத்தில் இதை எப்படிப் படிப்பது? நன்றாக ஒளி விழுந்த கன்னத்தையோ நெற்றியையோ தொடுங்கள். மஞ்சள் பூசிய இடமும், ரூஜ் போட்ட இடமும், எண்ணெய் மின்னும் இடமும் வேண்டாம். சிவப்பு அதிகம், பச்சை நடுவில், நீலம் குறைவு. இதுதான் அடிப்படை வரிசை. மாநிற முகத்தில் 170, 120, 90 போல ஒன்று வந்தால் நல்ல இடத்தில் இருக்கிறோம். எனக்கு இதைவிடப் பிடித்தது எச்எஸ்பி முறையின் நிறக்கோணம். அதில் சிவப்பு 0, மஞ்சள் 60. நான் சொன்ன அந்த முகத்தின் கோணம் 22க்கும் 23க்கும் இடையில். நம் ஊர் முகங்கள் பெரும்பாலும் 15க்கும் 30க்கும் நடுவில் நிற்பதைத்தான் என் வேலையில் பார்த்து வருகிறேன். கோணம் 10க்குக் கீழே இறங்கினால் முகம் அடிவாங்கியதுபோலச் சிவந்திருக்கிறது, மெஜந்தாவைக் குறைக்க வேண்டும். 40ஐ நெருங்கினால் காமாலை கண்ட முகம், பச்சையையும் மஞ்சளையும் இறக்க வேண்டும். எல்ஏபியில் 'ஏ', 'பி' இரண்டும் கூட்டல் குறியோடு வரும், பெரும்பாலும் 'பி' சற்று அதிகம். அச்சுக்கு அனுப்பும் சிஎம்ஒய்கேவில் மெஜந்தாவைவிட மஞ்சள் கொஞ்சம் கூடுதலாகவோ சமமாகவோ இருக்கும், சியான் இரண்டையும்விடக் குறைவாக இருக்கும். தோலின் கருமை கூடக் கூட சியானின் பங்கு ஏறும். வெளிநாட்டுப் புத்தகங்களில் சிவந்த தோலுக்குக் கொடுத்திருக்கும் சியான் அளவை அப்படியே நம் ஆட்களுக்குப் போட்டால் முகம் செங்கல் நிறமாகிவிடும். இந்த எண்வழித் திருத்தத்தைப் பல ஆண்டுகள் எழுதியும் கற்பித்தும் பரப்பியவர் அமெரிக்கரான டேன் மார்குலிஸ். அவருடைய புத்தகங்களைத் தேடிப் படியுங்கள். எண்களை மட்டும் நம் முகங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் மனத்தில் இருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முகத்தைத் திருத்து என்றால் வெளுப்பாக்கு என்று நம் தொழிலில் பலர் பொருள் கொண்டுவிட்டார்கள். வாடிக்கையாளரே கேட்கிறார் என்பார்கள். நிறக்கோணத்தைச் சரிசெய்வது ஒரு வேலை, ஆளையே மாற்றுவது வேறு வேலை. கோணம் சரியாக இருந்தால் கறுத்த முகம் எவ்வளவு பொலிவாக இருக்கும் என்பதை ஒரு முறை அச்செடுத்துக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் வெளுப்பு கேட்பவர்கள் குறைவு.

எண்ணுக்கு அடுத்து, தெரியாததைத் தெரிகிற இடத்துக்கு நகர்த்துவது. சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களைத் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். கரும்பச்சைப் புடவையும் அரக்குப் புடவையும் எனக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் ஒன்றுபோலத்தான் தெரியும். சிவப்புச் சேனலை மட்டும் திறந்தால் அரக்கு வெளுத்து நிற்கும், கரும்பச்சை இருண்டு கிடக்கும். நெற்றிக் குங்குமம் சிவப்புச் சேனலில் வெளுப்பாகவும் பச்சைச் சேனலில் கறுப்பாகவும் இருக்கும். வாழையிலை அதற்கு நேர்மாறு. பழகிவிட்டால் சேனலைப் பார்த்ததும் எந்தப் பொருள் என்ன நிறம் என்று சொல்லிவிடலாம்.

இன்னொரு வழி எனக்கு மிகவும் உதவுவது. மேலே ஒரு சேனல் மிக்சர் லேயர் போட்டு, பச்சையையும் நீலத்தையும் இடம் மாற்றிவிடுவது. பச்சை வெளியீட்டில் நீலம் நூறு, பச்சை பூஜ்யம். நீல வெளியீட்டில் பச்சை நூறு, நீலம் பூஜ்யம். இப்போது படத்தில் ஒளிந்திருந்த மெஜந்தா மஞ்சளாக வெளியே வரும். பச்சை நீலமாக வெளியே வரும். மஞ்சளும் நீலமும் எனக்கு நன்றாகத் தெரிபவை ஆயிற்றே. சாம்பல் சாம்பலாகவே நிற்கும், எண் சமமாக இருப்பதால். சாச்சுரேஷனையும் தற்காலிகமாக மேலே ஏற்றிவிட்டால் ஓரத்தில் பதுங்கிய கறைகூடத் தப்பாது. பார்த்துத் திருத்தியதும் அந்த லேயரை எடுத்துவிட வேண்டும்.

சிவப்புக்கான கூம்பே இல்லாத புரோட்டனோப் வகையினருக்கு ஓர் எச்சரிக்கை. அவர்களுக்குச் சிவப்பு மாறித் தெரிவதோடு இருண்டும் தெரியும். சிவப்புப் பட்டு இருட்டாக இருக்கிறதே என்று வெளிச்சத்தை ஏற்றிவிட்டால், அச்சில் பட்டின் மடிப்பெல்லாம் வெந்துபோய்விடும். அவர்கள் நிறத்துக்கு மட்டும் எண்ணைப் பார்த்தால் போதாது, சிவப்பின் வெளிச்சத்துக்கும் ஹிஸ்டோகிராமைப் பார்க்க வேண்டும்.

நிறம் திருத்தும் கண்ணாடி என்று விற்கிறார்களே, அதைப் போட்டுக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். அந்தக் கண்ணாடி சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவிலுள்ள ஒளியில் ஒரு பகுதியை வெட்டிவிடுகிறது. சிலருக்கு வேறுபாடு கூடித் தெரியலாம். இல்லாத கூம்பை அது உண்டாக்காது. கண்ணுக்கு முன்னால் ஒரு வடிகட்டியை மாட்டிக்கொண்டு மற்றவர்கள் பார்க்கப்போகும் படத்தைத் திருத்தினால் வேலை கெட்டுப்போகும். திருத்தும் மேசையில் அது வேண்டாம்.

இவ்வளவும் கண்ணில் குறை உள்ளவர்களுக்குத்தானே, எங்களுக்கு எதற்கு என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆரோக்கியமான கண் அளவுகோல் அல்ல. அது தன்னைத் தானே சரிசெய்துகொண்டே இருக்கும். மஞ்சள் விளக்கின் கீழ் பத்து நிமிடம் இருந்தால் வெள்ளைத் தாளை வெள்ளையாகவே காட்டும். வாழ்க்கைக்கு அது பெரிய வரம், நம் மேசைக்கு ஆபத்து. பச்சை படிந்த ஒரு படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தால் பச்சை மறைந்துபோகும், நன்றாகத்தான் இருக்கிறது என்று அச்சுக்கு அனுப்பிவிடுவீர்கள். 2015ல் ஓர் உடையின் படம் உலகத்தையே இரண்டாகப் பிரித்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு பாதி நீலமும் கறுப்பும் என்றது, மறுபாதி வெள்ளையும் தங்கமும் என்றது. சண்டை போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் நிறக்குறை இல்லாதவர்கள். எந்த விளக்கில் எடுத்தது என்று ஒவ்வொரு மூளையும் ஒன்றை ஊகித்துக்கொண்டது, ஊகத்துக்கு ஏற்ப நிறம் மாறியது. பொற்கொல்லருக்கு எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் தங்கத்தைக் கையில் தூக்கிப் பார்த்து விலை சொல்வதில்லை, தராசில் வைக்கிறார். நமக்கும் தராசு பக்கத்திலேயே இருக்கிறது.

என் போன்றவர்களின் கண்ணுக்கு ஒரு சிறப்பும் உண்டு. மோர்கன், ஆடம், மோலன் என்ற மூவர் 1992ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நிறங்களைக் கலந்து மறைத்துவைத்த வடிவங்களை, எல்லா நிறமும் தெரிந்தவர்கள் தவறவிட்டபோது, இரண்டு வகைக் கூம்பு மட்டுமே உள்ளவர்கள் கண்டுபிடித்தார்கள். நிறம் கவனத்தைச் சிதறடிக்காததால் இழைநயம் முன்னால் வந்து நிற்கிறது. டால்டனின் கண்ணை ஆராய்ந்த குழுவிலும் இந்த மோலன் இருந்தார். பட்டின் நெசவு மங்கியிருப்பதும், நிழலுக்குள் விவரம் செத்துக் கிடப்பதும் எனக்கு முதலில் தெரிவதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். 'டிரைவ்' படத்தின் இயக்குநர் நிக்கோலஸ் வின்டிங் ரெஃப்ன் தனக்கு நடுத்தர நிறங்கள் தெரிவதில்லை, அதனால்தான் தன் படங்களில் நிறமாறுபாடு அவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

எல்லாம் எண்ணால் முடிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. எண், நான் தொட்ட இடத்தைப் பற்றி மட்டுமே சொல்லும். தொடாத இடத்தில், காதுமடலுக்குப் பின்னால், புல்தரையிலிருந்து தாடைக்குக் கீழே ஏறிய பச்சை இருந்தால் எனக்குத் தெரியாது. கன்னத்தில் திட்டாகப் படிந்த சிவப்பு, ஃபிளாஷால் சிவந்த கண்மணி, இவை தப்பிப்போகும். அதனால் வேலை முடிந்தபின் நிறம் தெரிந்த ஒருவர் ஒரு சுற்று பார்க்க வேண்டும் என்பதை நான் கட்டாயமாக வைத்திருக்கிறேன். அவரிடம் "நன்றாக இருக்கிறதா" என்று கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். "எந்த முகம் மற்ற முகங்களோடு ஒட்டாமல் நிற்கிறது, எங்கே சிவப்போ பச்சையோ திட்டாக இருக்கிறது" என்று கேட்க வேண்டும். துணிக்கடையின் விற்பனைப் பட்டியலுக்குப் புடவையின் நிறத்தை நூலுக்கு நூல் பொருத்தும் வேலை வந்தால், புடவையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இன்னொருவரும் இருந்தால்தான் செய்வேன். கல்யாண வேலை வாங்கும்போதே முகூர்த்தப் புடவை என்ன நிறம், வரவேற்புப் புடவை என்ன நிறம் என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. மானிட்டரைக் கருவி வைத்து அளந்து 6500 கெல்வினில் நிறுத்துவது யாருக்கும் விலக்கில்லாத கடமை.

கடைசியாக ஒரு வழக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். புனேயில் உள்ள இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கல்லூரியில் எடிட்டிங் படிக்கத் தேர்வுபெற்ற ஒருவரை, நிறக்குறை இருக்கிறது என்று சேர்க்க மறுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. திரைத்துறையினரும் கண் மருத்துவரும் இடம்பெற்ற ஒரு குழுவை அமைத்து நீதிமன்றம் கருத்துக் கேட்டது. 2022 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. நிறக்குறையைக் காரணம் காட்டி எந்தப் படிப்பிலும் ஒருவரை வெளியே நிறுத்தக் கூடாது, மற்ற திரைப்படக் கல்லூரிகளும் இதைப் பின்பற்ற வேண்டும் என்றது. நம் நாட்டில் என்னைப் போன்றவர்களுக்குக் கிடைத்த பெரிய நியாயம் அது. எடிட்டிங் பாடத்தில் இருக்கும் நிறம் தீட்டும் பகுதியை விலக்கிவிடலாம் அல்லது விருப்பப் பாடமாக்கலாம் என்ற யோசனையும் அதில் இருந்தது. அந்த ஒரு இடத்தில் நான் பணிவோடு மாறுபடுகிறேன். விலக்க வேண்டாம். வெக்டர்ஸ்கோப்பையும், வெளிச்சத்தை அளக்கும் வேவ்ஃபார்மையும் கையில் கொடுத்து எல்லா மாணவருக்கும் அளவையாகவே கற்பியுங்கள். குறை உள்ளவரும் கற்றுக்கொள்வார், குறை இல்லாதவரும் இன்னும் நன்றாகக் கற்றுக்கொள்வார்.

ரயில் ஓட்டுவதிலும் கப்பலில் விளக்குச் சமிக்ஞை படிப்பதிலும் நொடியில் முடிவெடுக்க வேண்டும், எண்ணைப் பார்க்க நேரம் இல்லை. அங்கே சோதனை கடுமையாக இருப்பதில் நியாயம் இருக்கிறது. படம் திருத்தும் மேசையில் அந்த அவசரம் இல்லை. இங்கே நிதானமாகப் பார்க்கலாம், அளக்கலாம், இன்னொருவரைக் கேட்கலாம்.

இங்கே தகப்பன்மார்களும் இருக்கிறீர்கள். உங்கள் பிள்ளை மர இலைக்குப் பழுப்பும் மண்ணுக்குப் பச்சையும் அடித்தால் அதட்டாதீர்கள். கண் மருத்துவரிடம் அழைத்துப்போய், நிறப்பார்வையைச் சோதிக்கும் இஷிஹாரா அட்டைகளைக் காட்டச் சொல்லுங்கள், சில நிமிட வேலை. பள்ளியில் வண்ணச் சுண்ணக்கட்டியால் எழுதும் ஆசிரியரிடமும் விவரம் சொல்லிவையுங்கள். ஸ்டூடியோ நடத்தும் நண்பர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். நிறம் சரியாகத் தெரியாது என்று ஒளிக்காமல் சொல்லிக்கொண்டு ஒரு பையனோ பெண்ணோ உங்களிடம் வேலை கேட்டு வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள். ஒரு சாம்பல் அட்டையும், இன்ஃபோ பேனலைப் படிக்கும் பழக்கமும், கற்றுக்கொள்ள மூன்று மாத அவகாசமும் கொடுங்கள். அதன்பிறகு அச்சில் வந்த படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.